எண்ணெய்க்கு ஆள், வாக்குக்குப் பிள்ளை

போன மாதம் என் மகள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டாள். நாங்கள் குடியிருக்கும் இந்த வட ஐரோப்பிய நகரத்தின் சபை, அவளுடைய இளையோர் மன்றத்துக்கு அனுப்பிய படிவம். சபைக்கு எங்கிருந்தோ ஒரு பெரிய உதவி வரப்போகிறது. இளையோரும் கூட இருந்துதான் திட்டம் போட்டார்கள் என்று காட்டினால்தான் அது வரும். ஆகவே பெயர், பிறந்த திகதி, கையெழுத்து. அவளுக்குப் பதினாறு வயது. இரண்டு வருடமாக அந்த மன்றத்துப் பிள்ளைகள் சபைக்குப் போய்வருகிறார்கள். அங்கே அவர்கள் கருத்துச் சொல்லலாம், கை உயர்த்த முடியாது. மாலை பஸ்களை நிறுத்தவேண்டாம் என்று கேட்டார்கள். கவனமாகக் கேட்டுக்கொண்டோம் என்று அழகான கடிதம் வந்தது. பஸ்கள் நின்றுபோயின.

"வைக்கட்டோ அம்மா?" என்று கேட்டாள், பேனையைத் திறந்தபடி.

நான் யோசிக்க முன்னமே என் வாய் சொல்லிவிட்டது: "வைக்காதை."

ஏன் என்று கேட்டாள். அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னேன். மிச்சம் இது.

எண்பத்துமூன்றில் எனக்கு எட்டு வயது. தொண்ணூற்றொன்றில் பதினாறு. இடையில் உள்ள வருடங்களை வயதால் எண்ணுவதா, ஓடிய ஓட்டத்தால் எண்ணுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இளசுகளைத் தேடி எல்லோரும் வந்த காலம் அது. பிடிக்க வந்தார்கள். இயக்கத்தில் சேர்க்க வந்தார்கள். ஒளித்துவைக்க வந்தார்கள். நகையை விற்றுக் கடல்தாண்டி அனுப்ப வந்தார்கள். எங்கள் வயதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். எங்களிடம் ஒரு கேள்வி கேட்க ஒருவரும் வரவில்லை.

எங்கள் கிராமம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்குச் சைக்கிளில் கால்மணி நேரம். சிவப்பு மண், வெங்காயப் பாத்தி, கிணறு, மறுபடி சிவப்பு மண். மின்னிலையம் நின்றுபோய்க் கம்பிகளில் காகம் மட்டும் குந்தியிருந்தது. போர், எண்ணெய்க்கு அரசாங்கத் தடை. வீட்டில் ஒரேயொரு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைய மண்ணெண்ணெய், ஒரு திரி. குசினியில் அம்மா கறி இறக்கும்வரை விளக்கு அங்கே. பிறகு தம்பிக்கும் தங்கைக்கும். அதற்குப் பிறகு எனக்கு மிஞ்சியது திரியின் நாற்றம்.

அந்த வருடம் எனக்குச் சாதாரணதரச் சோதனை, பள்ளிக்கூடத்தின் முதல் பெரிய அரசுப் பரீட்சை. படிக்க வெளிச்சம் இருந்த ஒரே இடம் வாசிகசாலை.

ஒற்றை மண்டபம், ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம். நடுவே தொங்கிய பெற்றோமக்ஸ் ஆறு மணி முதல் எட்டு மணிவரை எரியும். அந்த இரண்டு மணித்தியாலமும் நீளமேசையின் ஒருபக்கம் பெட்டையள், மறுபக்கம் பெடியள், மேலே உஸ் என்ற லாம்பின் மூச்சு. கணக்கு அங்கேதான் எனக்கு விளங்கியது.

வாசிகசாலையின் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். எழுத்து அச்சுப்போல இருக்கும். எந்தக் காகிதத்தையும் கார்பன் கரித்தாள் வைத்து இரண்டு பிரதி எடுக்காமல் எழுதமாட்டார். எழுதியது ஒன்று, நடந்தது வேறொன்று என்று வாழ்க்கையில் இருந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அந்த லாம்புக்கு எண்ணெய் வந்ததும் அவர் எழுத்தால்தான். ஊர் மன்றங்களுக்கு அங்கத்தவர் தொகையைப் பார்த்துக் கூட்டுறவுச் சங்கம் மண்ணெண்ணெய் பங்கிட்டது. எங்கள் வாசிகசாலையில் பெரியவர்கள் முப்பத்திரண்டு பேர்தான். அது காணாது. ஒருநாள் பின்னேரம் தலைவர் நீளமேசைக்கு வந்து, பிள்ளையள் எல்லாரும் வரிசையாய் ஒரு கையெழுத்து வையுங்கோ, லாம்புக்கு எண்ணெய் வரும் என்றார்.

வாழ்க்கையில் நான் வைத்த முதல் கையெழுத்து. கொப்பியின் பின்மட்டையில் அதை மாதக்கணக்கில் பழகியிருந்தேன். முதலெழுத்து ஒரு பெரிய வளையம், கடைசியில் மயில்வால் மாதிரி ஓர் இழுப்பு. என் இலக்கம் நாற்பத்தொன்று. வளையமும் வாலும் நாற்பத்திரண்டின் கோட்டுக்குள் போய்விட்டன. நாற்பத்திரண்டு என் பக்கத்து வீட்டுத் தோழி. என்ரை இடத்திலையும் நீதான் இருக்கப்போறியோ என்று என் விலாவில் இடித்தாள். இருபத்தெட்டு இளசுகள் வைத்தோம். எண்ணெய் வந்தது.

ஆவணி வெயிலில் கிணறுகள் கீழே போயின. தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களுக்கும் அதே மண்ணெண்ணெய்தான் வேண்டும். வெங்காயத்தாள் நுனி கருகத் தொடங்கியதும் பயிர்செய்யும் தோட்டக்காரர் தலைவரிடம் போனார்கள். என் அப்பாவும் அதில் ஒருவர். சோதனைக்கு மூன்றரை மாதம் இருக்க, வாசிகசாலைக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. இனி ஆறு மணிக்குப் பூட்டப்படும். மிஞ்சும் எண்ணெய் தோட்டக்காரருக்குப் பகிரப்படும். வரும் ஞாயிறு பொதுக்கூட்டத்தில் இது தீர்மானமாகும்.

அறிவித்தலைப் பார்த்துக்கொண்டு நின்ற எங்களில் ஒரு பெடியன் இருந்தான். பத்திரிகைக் கட்டுகளை ஒழுங்குபண்ணுவது அவன் வேலை, பகிடி விட்டுச் சிரிக்கவைப்பது அவன் தொழில். உள்ளே போய், ஆணியில் தொங்கிய கோவையிலிருந்து ஒரு தாளைக் கழற்றிக்கொண்டு வந்தான். நாங்கள் கையெழுத்து வைத்த பட்டியலின் கரிப் பிரதி. எங்களில் ஒருவரும் அன்றைக்கு அதன் தலைப்பை வாசித்திருக்கவில்லை. வெளிச்சம் வரும் என்றால் யார் தலைப்பை வாசிப்பார்கள்? அச்சுப்போன்ற எழுத்தில் இருந்தது: வாக்குரிமையுள்ள அங்கத்தவர்களின் பெயர்ப் பட்டியல்.

சங்கம் அப்படித்தான் கேட்டிருக்கவேண்டும். தபாலதிபர் கேட்டதை ஓர் எழுத்துக் குறையாமல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"எடியே, எங்களுக்கு வாக்கிருக்கு. அவை முப்பத்திரண்டு பேரிலை கூட்டத்துக்கு வாறது பதினைஞ்சு. எங்கடை தலை கூட" என்றான் அவன்.

எங்கள் ஊர்க் கூட்டங்களில் இளையவர்களுக்கு எப்போதும் இடம் உண்டு. தொடக்கத்தில் பெட்டையள் தேவாரம் பாடவேண்டும். நடுவில் தேத்தண்ணி கொடுக்கவேண்டும். முடிவில் பெடியள் கதிரை மடிக்கவேண்டும். பாடிய வாய் குசினிப் பக்கம் போய்விடும். பிறகு அந்த வாயை யாரும் தேடமாட்டார்கள்.

அந்த ஞாயிறு வேப்பமரத்தடியில் நானும் தோழியும் தேவாரம் பாடினோம். திருச்சிற்றம்பலம் சொன்னோம். பிறகு குசினிப் பக்கம் போகவில்லை. கதிரைகளுக்கு முன்னால் விரித்திருந்த சாக்குப் படங்கில் சப்பணம் கட்டி உட்கார்ந்தோம். வேலியோரம் நின்ற பெடியளும் ஒவ்வொருவராய் வந்து இருந்தார்கள். இருபத்தெட்டுப் பேர். பெரியவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். தேத்தண்ணி என்னாச்சு என்று ஒருவர் கேட்டார். கேத்தில் அங்கைதான் கிடக்கு என்றான் பகிடிக்காரன்.

தலைவர் தீர்மானத்தை வாசித்தார். ஆதரிக்கிறவை கையை உயர்த்தலாம் என்றார். பதினான்கு கைகள். அதில் ஒன்று அப்பாவுடையது. நகத்துக்குள் சிவப்பு மண். எதிர்க்கிறவை என்று அவர் ஒரு வழக்கத்துக்குத்தான் கேட்டார். இருபத்தெட்டுக் கைகள் எழுந்தன.

முதலில் சிரித்தார்கள். பிள்ளையளின்ரை விளையாட்டு என்றார் ஒருவர். கையைக் கீழே விடுங்கோ என்று தலைவர் அன்பாகத்தான் சொன்னார். நான் எழுந்தேன். குரல் நடுங்கவில்லை, தேவாரத்துக்குத் திறந்த குரல் இன்னும் மூடியிருக்கவில்லை.

"ஐயா, பட்டியலிலை நான் நாப்பத்தொண்டு. வாக்குரிமையுள்ள அங்கத்தவர் எண்டு நீங்கள்தான் எழுதியிருக்கிறியள்."

"அது எண்ணெய்க்கு எழுதினது, பிள்ளை."

"அப்ப எண்ணெய்க்கு ஆள், வாக்குக்குப் பிள்ளையோ?"

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை. காலால் நிலத்தில் ஒரு பாத்தி வெட்டிக்கொண்டிருந்தார்.

தலைவரின் முகம் வெளுத்ததை நான் கண்டேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. அன்றைக்கு நான் அதை ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன். இன்றைக்கும் அதனால் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய எழுத்துக்கும் நடப்புக்கும் நடுவே ஒரு வெடிப்பை ஊருக்கு முன்னால் ஒரு பெட்டை விரல்வைத்துக் காட்டிவிட்டாள். வாசிகசாலையின் சட்டதிட்டங்கள் எழுதிய யாப்புப் புத்தகத்தை எடுத்து வாசித்தார்: அங்கத்தவர் பதினெட்டு வயது நிரம்பியவராக இருக்கவேண்டும். ஊர் நன்மைக்காகத் தான் செய்தது பிழை என்றார். பிழையைத் திருத்துவதாகச் சொல்லி, அங்கேயே அடிமட்டக் கோல் வைத்துச் சிவப்பு மையால் முப்பத்துமூன்று முதல் அறுபதுவரை ஒவ்வொரு பெயரையும் வெட்டினார். இருபத்தெட்டுக் கோடுகள். ஒன்றும் கோணவில்லை. திருத்திய பட்டியல் அடுத்த நாள் சங்கத்துக்குப் போனது.

தீர்மானம் நிறைவேறியது. லாம்பு அலுமாரிக்குள் போனது. கதிரைகளை அன்றைக்கு அவர்களே மடித்தார்கள்.

அடுத்த மாதம் எண்ணெய் பாதிதான் வந்தது.

முப்பத்திரண்டு பேருக்குரிய எண்ணெய். தலைவர் எதிர்பார்த்திருக்கவேண்டும், மற்றவர்கள் எதிர்பார்க்கவில்லை. லாம்பை அணைத்து மிச்சம்பிடித்ததைவிட எங்களை வெட்டியதில் போனது அதிகம். இயந்திரங்கள் ஒவ்வொன்றாய் மௌனமாகின. அப்பா கிணற்றடியில் கிடந்த பழைய ஏற்றமரமான துலாவை நிமிர்த்திக் கயிறு கட்டினார். விடியற்காலையில் வந்து என் பாயைக் காலால் தட்டினார்.

"வாக்குக் கேட்டனியெல்லே. எழும்பு, இறைப்பம்."

அப்பா பனையோலைப் பட்டையைக் கிணற்றில் இறக்க, நான் கயிற்றை இழுத்தேன். பள்ளிக்கூடம் போகமுன் நாற்பது பட்டை, ஐம்பது பட்டை. முதல் கிழமை உள்ளங்கையில் கொப்பளம். இரண்டாம் கிழமை அது உடைந்தது. மூன்றாம் கிழமை பேனை பிடித்தால் எரிந்தது. பின்னேரம் ஜாம் போத்தல் வெளிச்சத்தில் கணக்கின் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்தன. ஒரு தவணைப் பரீட்சையில் நான் விழுந்தேன். கிணற்றடியில் அப்பாவுக்கும் எனக்கும் நடுவே கயிறு கதைத்தது, பட்டை கதைத்தது.

ஐப்பசி முதற்கிழமை தோட்டக்காரர் எல்லோரும் தலைவர் வீட்டுக்குப் போனார்கள். பழையபடி பிள்ளையளையும் எழுதுங்கோ என்று கேட்டார்கள். தலைவர் முடியாது என்றார். யாப்பில் இல்லாததை இனி எழுதமாட்டாராம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: இளைஞர் பிரிவு. பிரிவு அங்கத்தவர் என்று தனித்தாளில் எழுதினால் சங்கம் ஏற்கும். பிரிவு கூட்டத்துக்கு வரலாம், கருத்துச் சொல்லலாம். வாக்கில்லை.

"தேத்தண்ணிப் பிரிவு எண்டு நேரடியா வைக்கலாமே" என்றான் பகிடிக்காரன்.

புதிய தாள்கள் வீடுவீடாக வந்தன. நாங்கள் பாடசாலை மதிலோரம் கூடி முடிவெடுத்தோம். வைப்பதில்லை. பதினாறு வயதுக்கு வாக்கு, வாசிகசாலை நிர்வாக சபையில் இரண்டு கதிரை. அதற்குப் பிறகுதான் கையெழுத்து. சொல்வது சுகம். தாள் ஒவ்வொரு வீட்டிலும் தகப்பன் கையில்தான் வந்தது. ஆறு பேர் வைத்துவிட்டார்கள். அதில் என் தோழியும் ஒருத்தி. அவளுடைய தகப்பன் பெல்ட்டைக் கழற்றியிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என்னோடை கோவமோ என்று கேட்டாள். கோபம்தான். ஆனால் அவளோடு அல்ல. அன்று பின்னேரம் அவள் வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் தன் கணக்குக் கொப்பியை நீட்டினாள். நான் விட்ட பாடம் முழுவதும் அதில் இருந்தது.

அப்பா எனக்குரிய தாளை ஒரு மத்தியானம் கொண்டுவந்தார். சாப்பிட்டு முடித்து, கோப்பையை ஒதுக்கிவிட்டு, தாளையும் பேனையையும் எனக்கு முன்னால் வைத்தார். அம்மா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"வை, பிள்ளை."

"ரண்டு கதிரை தருவினமோ?"

"கதிரையிலை இருந்து என்ன செய்யப்போறாய்? வெங்காயம் சாகுது."

"வெங்காயத்துக்கு என்ரை பேர் வேணும். எனக்கு லாம்பு வேணும். ரண்டையும் ஒரே இடத்திலை இருந்து கதைப்பம் எண்டுதான் கேக்கிறம்."

"உன்ரை கையும்தானே பழுத்துக் கிடக்கு. ஆருக்காக இந்தப் பிடிவாதம்? வைச்சால் நாளைக்கு மிசின் ஓடும். நீ கயிறு பிடிக்கத் தேவையில்லை."

இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் மலர்த்தி வைத்தேன். அவருடைய கையும் பக்கத்தில்தான் இருந்தது. பழசும் புதுசுமாக ஒரே கயிறு கீறிய நான்கு கைகள்.

"நாளைக்கும் இறைக்கிறன் அப்பா. ஆனால் வைக்கமாட்டன்."

அடி விழும் என்று நினைத்தேன். அவர் தாளை எடுத்து நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எங்கே போனார் என்பது பின்னேரம்தான் தெரிந்தது. தலைவரின் வீட்டு விறாந்தையில் வெற்றுத் தாளை வைத்துவிட்டு, ஐயா, இது என்னாலை ஏலாத காரியம், அவையோடை நீங்களே கதையுங்கோ என்று சொல்லியிருக்கிறார். அவர்தான் முதல். இரண்டு நாளில் இன்னும் ஒன்பது தகப்பன்மார் வெற்றுத் தாளோடு அந்த விறாந்தையில் ஏறினார்கள்.

மறுபடி வேப்பமரத்தடி. மறுபடி ஞாயிறு. தேவாரத்தைத் தலைவரே பாடினார், சுருதி சேரவில்லை. யாப்புத் திருத்தத்தையும் அவரே வாசித்தார்: அங்கத்தவர் வயது பதினாறு, நிர்வாக சபையில் இளையவர் இருவர், ஒருவர் பெண், வாக்குரிமை உண்டு. பதினாறுக்குக் கீழே இருந்த நான்கு பேர் எங்களிலிருந்து கழன்றுபோனார்கள். பிறந்த திகதியைத் திருத்தி எழுதுவமா என்று ஒரு தோட்டக்காரர் கேட்டதற்குத் தலைவர் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். ஆதரிக்கிறவை என்றதும் கைகள் எழுந்தன. வாக்கு இன்னும் எங்களுக்கு இல்லாதபடியால், எங்களுக்கு வாக்கு வேண்டும் என்று அவர்கள்தான் கை உயர்த்தவேண்டியிருந்தது. உயர்த்தினார்கள். அன்பால் அல்ல. வெங்காயத்தால்.

இதை நான் இனிப்புப் பூசிச் சொல்லமாட்டேன். எங்கள் ஊர் திடீரென்று பிள்ளைகளின் குரலை மதிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் பெயர் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தத் தேவையின் கழுத்தை நாங்கள் பிடித்தோம். அதுவும் போதும். இந்த நகரத்தில் உரிமைகளைப்பற்றிக் கண்ணாடி மண்டபங்களில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். இளையோர் நாளைய தலைவர்கள் என்கிறார்கள். நாளைக்கு அவர்களுக்கு வயது போய்விடும் ஐயா. பஸ் இன்றைக்குத்தான் வேண்டும். லாம்பு அன்றைக்குத்தான் வேண்டியிருந்தது.

நிர்வாக சபையின் அடுத்த கூட்டத்தில் நானும் பகிடிக்காரனும் இரண்டு மரக்கதிரைகளில் இருந்தோம். என் கால் நிலத்தில் சரியாக முட்டவில்லை. முதல் விடயம் எண்ணெய். இறைப்புக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் எண்ணெய் கொடுப்பது, சோதனை முடியும்வரை லாம்பை ஆறிலிருந்து எட்டுவரை எரிப்பது என்று நான் முன்மொழிந்தேன். அதன்படி அப்பாவின் இயந்திரம் பாதி நாட்கள் சும்மா நிற்கும். ஒரு வாக்கால் நிறைவேறியது. அந்த ஒரு வாக்கு யாருடையது என்று சண்டைபிடிக்கலாம். நான் என்னுடையது என்றே சொல்லிவருகிறேன். மற்ற நாட்களில் விடியற்காலையில் துலாக்கயிறு. சோதனை நாள்வரை அந்தக் கயிற்றை நான் விடவில்லை.

நாலு வருடம் அந்த இரண்டு கதிரைகளும் காலியாக இருக்கவில்லை. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்தபோது மேசையும் லாம்பும் கோவையும் அங்கேயே நின்றன. ஆணியில் தொங்கிய அந்தக் கரிப் பிரதியை யாரும் எடுத்துவரவில்லை.

திருத்தம் நிறைவேறிய அந்த ஞாயிறு, வேப்பமரத்தடியில் புதிய பட்டியல் சுற்றிவந்தது. தலைவர் தலைப்பைத் தானே உரத்து வாசித்துக் காட்டினார். நாங்களும் ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்தோம். என் முறை வந்தது. கொப்பி மட்டையில் பழகிய பெரிய வளையத்தைப் போடப் பார்த்தேன். கொப்பளம் உடைந்த இடத்தில் பேனை உரசி விரல் மடங்கவில்லை. வளையம் வரவில்லை, வால் வரவில்லை. குறுக்கே ஒரு கோணல் கோடும் இரண்டு எழுத்தும்தான் வந்தன. திருத்தி இன்னொருக்கா வைக்கட்டோ என்று கேட்டேன். தலைவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"வேண்டாம். உது செல்லும்" என்றார்.

அந்தக் கோணலைத்தான் இன்றைக்கும் போடுகிறேன், வங்கியில், கடவுச்சீட்டில், வாக்குச்சாவடியில். மகளின் படிவம் இன்னும் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. பெயர் இருக்கிறது, பிறந்த திகதி இருக்கிறது. கையெழுத்துக் கோட்டின்மேல் அவள் ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள்: எத்தனை கதிரை? நகர சபையிலிருந்து இரண்டு தடவை தொலைபேசி வந்துவிட்டது.